சிறையிலிருந்து வந்த தந்தி
(நெய்யாற்றின்கரையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. இங்கிருந்து பாறசாலை, களியக்காவிளை வழியாகப் பஸ் ஏறினால் அதிக நேரம் பிடிக்காத ஊர்கள்தான் இரண்டும். அன்று நடுவில் மாநில எல்லை கிடையாது, எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி. தமிழர் மிகுதியாக வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அந்த நாளை விடுதலை நாளாக அறிவித்திருந்தது. அவர்கள் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. திரண்டு வந்தவர்கள்மீது குண்டு பாய்ந்தது. உயிர்கள் போயின.

அந்த நாளை எல்லைப் போராட்டத்தின் தியாக நாளாகத்தான் நாம் சொல்லி வருகிறோம். போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியின் பெயரோடும், 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனதோடும், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றுவிட்டதோடும் அந்தக் கதை முடிந்துவிடுகிறது. அதே குண்டுகள் இந்திய சோஷலிஸ்ட் இயக்கத்தை இரண்டாகப் பிளந்ததை நம் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை. இடதுசாரி இயக்கங்கள் தங்களுக்குள்ளிருந்து நல்லெண்ணத்தோடு எழும் விமர்சனத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு ரஷ்யாவரை போக வேண்டியதில்லை. பாடம் நம் வாசலில் கிடக்கிறது.

சுட்ட போலீஸ் எந்த அரசின் போலீஸ்? பட்டம் தாணுபிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் கட்சி அரசின் போலீஸ். 1954 தேர்தலில் 117 இடங்களில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை 19 மட்டும். 45 இடங்கள் பெற்ற காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தர, மார்ச் மாதம் அமைச்சரவை அமைந்தது. ஊன்றுகோலில் நின்ற ஆட்சிதான். ஆனாலும் ஒரு சோஷலிஸ்ட் கட்சி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கையில் எடுத்திருந்தது. நாடெங்கும் இருந்த சோஷலிஸ்ட் தொண்டர்கள் திருவனந்தபுரத்தை எவ்வளவு ஆசையோடு பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த ஆசை முக்கியம்.

கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். உயர்த்தப்பட்ட கால்வாய்ப் பாசன வரியைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியது அவர்மீதான குற்றம். (அந்த வழக்கு 1960-இல் உச்ச நீதிமன்றம்வரை போய் லோகியாவுக்குச் சாதகமாகவே முடிந்தது, பேச்சுரிமையையும் பொது ஒழுங்கையும் பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.) மார்த்தாண்டம் செய்தி எட்டியதும் அவர் சிறையிலிருந்தே தந்தி அனுப்பினார். விசாரணை வேண்டும், அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்பது அதன் சாரம். ஆயுதமில்லாத மக்களைச் சுடும் அரசு எதுவானாலும் போக வேண்டும் என்று காங்கிரஸ் ஆட்சிகளைப் பார்த்து நாம் சொல்லி வந்தோம், நம் ஆட்சி வந்த பிறகு அந்த அளவுகோல் மாறக்கூடாது என்றார்.

இந்த விமர்சனத்தின் தன்மையைக் கவனியுங்கள். தந்தி அடித்தவர் கட்சியின் எதிரி இல்லை, அதன் பொதுச்செயலாளர். அமைச்சரவை விலகினால் அவருக்குப் பதவி கிடைக்கப் போவதில்லை. அவர் கட்சிக்கு இருந்த ஒரே முதல்வர் பதவியும் போய்விடும். அவர் தமிழரும் இல்லை, தாலுகா எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அவருக்கு லாபமும் இல்லை. குறை சொன்னது குறிப்பிட்ட ஒரு செயலைப் பற்றி. கேட்டதும் குறிப்பிட்ட ஒரு காரியத்தை. தன் தரப்புக்கு இழப்பு வரும் என்று தெரிந்தும், அந்தத் தரப்பு சொன்ன சொல்லுக்கு அதுவே கட்டுப்பட வேண்டும் என்று கேட்பதைவிட நல்லெண்ணத்துக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

கட்சி என்ன பதில் சொன்னது? என்ன நடந்தது என்றே இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றார்கள். செயற்குழுவைக் கேட்காமல் பொதுச்செயலாளர் ஓர் அமைச்சரவைக்குக் கட்டளையிடலாமா என்றார்கள். எந்த அரசுக்கும் போலீஸ் வேண்டும், சோஷலிஸ்ட் அரசும் அரசுதானே என்றார்கள். ஆட்சி கவிழ்ந்தால் காங்கிரசுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும்தானே கொண்டாட்டம் என்றார்கள். இவற்றில் ஒன்றையும் நான் எள்ளி ஒதுக்க மாட்டேன். சொன்னவர்கள் சிறியவர்கள் இல்லை. தலைவராக ஆச்சார்ய கிருபளானி இருந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆச்சார்ய நரேந்திர தேவ் தத்துவத்திலும் ஒழுக்கத்திலும் பெரியவர். உடல் நலிந்திருந்த நிலையில் நம் பெருந்துறைக்கு வந்து, 1956 பிப்ரவரியில் அங்கேயே காலமானவர் அவர். இவர்களின் நல்லெண்ணத்தையும் சந்தேகிக்க முடியாது.

ஆனால் அந்தப் பதில்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. முறை சரியா, அதிகாரம் உண்டா, நேரம் சரியா, யாருக்கு லாபம் என்று எல்லாம் கேட்கப்பட்டன. சுட்டது சரியா தவறா என்ற கேள்வி கடைசிவரை நடுவுக்கு வரவில்லை. 1954 நவம்பரில் நாக்பூரில் சிறப்பு மாநாடு கூட்டினார்கள். பெரும்பான்மை லோகியாவுக்கு எதிராக நின்றது. அதற்கு முன்பே அவர் பொதுச்செயலாளர் பதவியை விட்டிருந்தார்.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. 1955 ஜனவரியில் ஆவடி மாநாட்டில் காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைப் போட்டது. காங்கிரசோடு நெருங்கலாமா என்ற பேச்சு பிரஜா சோஷலிஸ்டுகளுக்குள் எழுந்தது. காங்கிரசோடு ஒத்துழைக்க விரும்பிய கட்சித் தலைவர் அசோக் மேத்தாவின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்த இளைஞர் மது லிமாயே பம்பாயில் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவருக்கு மேடை கொடுத்த உத்தரப் பிரதேசக் கிளைமீது நடவடிக்கை வந்தது. பிறகு லோகியாவும் இடைநீக்கம். 1955 கடைசியில் ஹைதராபாத்தில் தனி சோஷலிஸ்ட் கட்சி பிறந்துவிட்டது. ஒரு தந்திக்கு நேர்மையாகப் பதில் சொல்லாததில் தொடங்கிய பிணக்கு, பதினாறு மாதத்தில் கட்சியையே இரண்டாக்கியது.

எந்த ஆட்சியைக் காப்பாற்ற இவ்வளவும் செய்தார்களோ, அந்த ஆட்சியாவது நின்றதா? 1955 பிப்ரவரியில், துப்பாக்கிச் சூடு நடந்த ஆறே மாதத்தில் கவிழ்ந்தது. நிலச் சீர்திருத்தத்தை அந்த அமைச்சரவையால் முடிக்க முடியவில்லை. இப்போது பேசாதே, ஆட்சிக்கு ஆபத்து என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆறு மாதம்தான் நினைவுக்கு வரும்.

இந்த ஊரில் நின்று பேசுகிறவர் 1938-ஐச் சொல்லாமல் போகக்கூடாது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி இதே நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடத்தியது. வீரராகவனும் மற்றவர்களும் விழுந்தார்கள். பொறுப்பாட்சி கேட்ட திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசின் போராட்டம் அது. அந்த ஸ்டேட் காங்கிரசின் தலைவர் யார்? பட்டம் தாணுபிள்ளை. பதினாறு ஆண்டு கழித்து, அதே ஆகஸ்ட் மாதத்தில், சில மைல் தெற்கே அவருடைய போலீஸ் சுட்டது. அவர் கெட்டவராகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. பதவியில் உட்கார்ந்தவருக்குக் கீழே நடப்பது தன் பழைய அனுபவமாகத் தெரிவதில்லை. அதை எடுத்துச் சொல்லக் கட்சிக்குள்ளேயே ஒருவர் வேண்டும். 1954-இல் அந்த ஒருவர் இருந்தார். அவருக்குத்தான் இடம் இல்லாமல் போனது.

சிறையிலிருந்து சொந்தத் தரப்பை விமர்சித்தவர்களில் லோகியா முதலாமவர் இல்லை. ரோசா லக்சம்பர்க் 1918-இல் ஜெர்மனியில் சிறையில் இருந்துகொண்டே ரஷ்யப் புரட்சியைப் பற்றி எழுதினார். புரட்சியை முழு மனதோடு வரவேற்றார். அரசியல் நிர்ணய சபை கலைக்கப்பட்டதையும் பத்திரிகைச் சுதந்திரம் பறிக்கப்பட்டதையும் கண்டித்தார். அவர் கொல்லப்பட்ட பிறகு, 1922-இல்தான் அது அச்சில் வந்தது. எதிரிக்குப் பயன்படும் என்ற அச்சம் அப்போதும் இருந்தது. அந்த எச்சரிக்கையை உரிய காலத்தில் காதுகொடுத்துக் கேட்காததற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. நம் பக்கத்தில் விளவங்கோட்டுக்காரரான ஜெயமோகன், கட்சி வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்ட ஒரு தொண்டரையும் ரஷ்யப் புரட்சியாளர் புகாரினையும் அருகருகே வைத்து ‘பின்தொடரும் நிழலின் குரல்’ நாவலை 1999-இல் எழுதினார். இடதுசாரிகள் பலருக்கு அந்த நாவலோடு சண்டை உண்டு. சண்டையோடு படிக்கலாம், ஆனால் படிக்க வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். இங்கே பலர் மார்க்சிஸ்ட் கட்சியின் அனுதாபிகள், சிலர் உறுப்பினர்கள். உங்களைப் புண்படுத்த வரவில்லை. உங்கள் இயக்கம் வலுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

2012 மார்ச்சில் நெய்யாற்றின்கரை சட்டமன்ற உறுப்பினர் ஆர். செல்வராஜ் பதவியையும் மார்க்சிஸ்ட் கட்சியையும் விட்டு விலகினார். அதற்கு முன் பாறசாலையின் உறுப்பினராக இருந்தவர். கட்சிக்குள் ஓரங்கட்டப்பட்டதாகச் சொன்னார். சில வாரங்களில் காங்கிரஸ் வேட்பாளராகத் திரும்பி வந்தார். இடைத்தேர்தல் ஜூன் 2. அதற்குள், மே 4 அன்று வடக்கே ஒஞ்சியம் அருகே டி.பி. சந்திரசேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். உள்ளூர்ப் பிரச்சினையில் கட்சியோடு முரண்பட்டு வெளியேறிப் புரட்சிகர மார்க்சிஸ்ட் கட்சியைக் கட்டியவர் அவர். அவரையும் கூட்டாளிகளையும் குலங்குத்திகள், அதாவது குலத்துரோகிகள், என்று அப்போதைய மாநிலச் செயலாளர் பினராயி விஜயன் சொல்லியிருந்தார். கொலையில் கட்சிக்குத் தொடர்பில்லை என்பது தலைமையின் நிலைப்பாடு. 2014 ஜனவரியில் நீதிமன்றம் தண்டித்த 12 பேரில் மூவர் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள்.

நெய்யாற்றின்கரையில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த அதே நாளில் மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் ஒஞ்சியம் போய்ச் சந்திரசேகரனின் மனைவி கே.கே. ரமாவைச் சந்தித்தார். தொலைக்காட்சியில் நாள் முழுவதும் அதுதான். இடது வேட்பாளர் எஃப். லாரன்ஸ் 6,334 வாக்கில் தோற்றார். ஜூலையில் கட்சியின் மத்தியக் குழு வி.எஸ்.ஸைப் பகிரங்கமாகக் கண்டித்தது.

அன்று வெயிலில் பூத் வாசலில் நின்ற தோழர்களின் மனம் எனக்குப் புரிகிறது. வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சி நெஞ்சில் குத்தியிருக்கும். நேரம் தவறு என்ற அவர்கள் புகாரில் நியாயம் உண்டு. ஆனால் 1964-இல் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளிநடப்புச் செய்து இந்தக் கட்சியை உருவாக்கிய 32 பேரில் ஒருவர், தொண்ணூறு வயதை நெருங்கும் காலத்தில், தன் துயரத்தைச் சொல்ல வாக்குப்பதிவு நாளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்றால், மற்ற நாட்களில் அதற்கு உள்ளே எவ்வளவு இடம் இருந்தது என்பதையும் கேட்க வேண்டாமா? நல்ல நேரங்களையெல்லாம் மூடிவிட்டால் விமர்சனம் கெட்ட நேரத்தில்தான் வெளியே வரும்.

செல்வராஜைக் காட்டி, பார்த்தீர்களா, குறை சொன்னவர்கள் எல்லாம் கடைசியில் அந்தப் பக்கம்தான் போகிறார்கள் என்று அன்று சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அவர் மனதை நான் அளக்கப் போவதில்லை. ஒருவர் அணி மாறியதால், அதே குறையைக் கிளைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு அணி மாறாமல் உட்கார்ந்திருந்த தொண்டருக்குப் பதில் கிடைத்துவிடாது. போனவரின் பெயரால் இருப்பவரின் வாயை அடைப்பதுதான் இயக்கத்துக்குப் பெரிய சேதம். பாலராமபுரத்துத் தறிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்ட பிறகுதான் நெய்வார், அறுந்ததைக் காட்டியவரோடு மல்லுக்கு நிற்க மாட்டார்.

இடதுசாரிக் கட்சிகளால் இது முடியாது என்று நான் சொல்லவில்லை. முடிந்திருக்கிறது. 2018-இல் காங்கிரசோடு எவ்வளவு தூரம் புரிந்துணர்வு வைக்கலாம் என்பதில் மார்க்சிஸ்ட் கட்சிக்குள் பெரிய கருத்து வேறுபாடு. பொதுச்செயலாளர் சீதாராம் யெச்சூரியின் நிலைப்பாடு ஜனவரியில் கொல்கத்தா மத்தியக் குழுவில் வாக்கெடுப்பில் தோற்றது. தோற்ற கருத்தைப் புதைக்கவில்லை. ஏப்ரலில் ஹைதராபாத்தில் கூடிய 22ஆவது கட்சி மாநாட்டில் அதிகாரபூர்வ வரைவோடு சிறுபான்மைக் கருத்தும் பிரதிநிதிகள் முன் வைக்கப்பட்டது. விவாதம் சூடாக நடந்தது. கடைசியில் வரைவின் வாசகம் திருத்தப்பட்டது. யெச்சூரியே மீண்டும் பொதுச்செயலாளர் ஆனார். கட்சி உடையவில்லை. நாக்பூரில் 1954-இல் சோஷலிஸ்டுகளுக்குக் கிட்டாத ஒன்று 2018-இல் கம்யூனிஸ்டுகளுக்குக் கிட்டியது. அரசியல் தீர்மானத்தின் வரைவை இரண்டு மாதம் முன்பே வெளியிட்டு, கீழ்மட்ட உறுப்பினர்வரை திருத்தம் அனுப்பலாம் என்ற விதியும் அந்தக் கட்சியில் உண்டு. எவ்வளவு நல்ல ஏற்பாடு! மேல்மட்டத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை சாத்தியப்படுவது, பாறசாலைக் கிளையில் மாதத்துக்கு ஒருமுறை ஏன் சாத்தியமாகக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

இன்று விமர்சனம் முதலில் தலைகாட்டுவது கைபேசியில். 2024 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பிறகு, இடதுசாரிகளுக்கு நெருக்கமானவராக அறியப்பட்ட கிறிஸ்தவ ஆயர் கீவர்கீஸ் மார் கூறிலோஸ் கேரளத்து இடது ஆட்சியின் குறைகளை முகநூலில் எழுதினார். திருந்தாவிட்டால் வங்கத்தில் இடதுசாரிகளுக்கு வந்த நிலை இங்கும் வரும் என்ற கவலை அதில் இருந்தது. அப்போது முதல்வராக இருந்த பினராயி விஜயன் அவரைப் பெயர் சொல்லாமல், பாதிரியார்களிலும் அறிவில்லாதவர்கள் இருப்பார்கள் என்ற பொருளில் பொது மேடையில் பேசினார். தலைவர் ஒரு சொல் சொன்னால் கீழே ஆயிரம் பேர் அதைப் பத்து மடங்காக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பள்ளி ஆசிரியை ரேஷன் கடையைப் பற்றியோ ஓய்வூதியம் தாமதமாவதைப் பற்றியோ கேட்டால், அரை மணிக்குள் அவர் சங்கி ஆகிவிடுகிறார், இல்லையென்றால் காங்கிரசின் ஆள் ஆகிவிடுகிறார். அடுத்த முறை அவர் கேட்க மாட்டார். அவர் மௌனத்தைக் குழுவின் நிர்வாகி ஒற்றுமை என்று எடுத்துக்கொள்வார். தேர்தல் முடிவு வரும் நாளில்தான் உண்மை தெரியும்.

விமர்சிப்பவருக்கும் கடமை உண்டு. அதை விட்டுவிட்டால் நான் பாதிதான் பேசியவனாவேன். லோகியாவின் கேள்வி சரி, ஆனால் அவர் நாக்கு கூர்மையானது; சகாக்களைப் புண்படுத்தத் தயங்காதவர். பிளவில் அதற்கும் பங்கு உண்டு. நல்லெண்ணத்தோடு குறை சொல்பவர் செயலைச் சுட்ட வேண்டும், ஆளின் பிறப்பையோ நோக்கத்தையோ இழுக்கக்கூடாது. தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். என்ன செய்தால் குறை தீரும் என்று சொல்ல வேண்டும். தன் கருத்து தோற்றால் அடுத்த கூட்டத்துக்கும் வர வேண்டும். இவ்வளவும் செய்பவரைச் சந்தேகிக்க இயக்கத்துக்கு உரிமை இல்லை. இவற்றில் சில குறைந்தாலும், சொன்ன விஷயம் உண்மையா என்று பார்க்கும் கடமை இயக்கத்துக்குப் போய்விடாது. கோபக்காரர் சொன்னாலும் கூரை ஒழுகினால் ஒழுகுகிறதுதான்.

இந்தக் கடமை தவறியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2025 பிப்ரவரி 10 அன்று ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். 21,000 கேட்டார்கள், பணி ஓய்வின்போது ஐந்து லட்சம் கேட்டார்கள். இந்தப் பெண்கள் நம் வீடுகளுக்கு வந்து, கர்ப்பிணிகளையும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களையும் பார்த்துப் போகிறவர்கள். கோவிட் காலத்தில் நாம் கதவைச் சாத்திக்கொண்டபோது வாசலில் வந்து நின்றவர்கள். பலர் காலங்காலமாக இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்ட குடும்பத்தவர்கள். போராட்டத்துக்குப் பின்னால் எஸ்.யூ.சி.ஐ. கட்சி இருக்கிறது என்பதுதான் அப்போதைய ஆளும் இடதுசாரித் தரப்புத் தலைவர்கள் பலரிடமிருந்து வந்த முதல் பதில்களில் ஒன்று. மத்திய அரசு தன் பங்கை உயர்த்த வேண்டும் என்ற பதிலும் வந்தது. அதில் பொருள் இருந்தது, அதைப் பேசியிருக்கலாம். கொடி யாருடையது என்ற பேச்சு அதை அமுக்கிவிட்டது. மார்த்தாண்டம் நேரத்தில் கேட்கப்பட்ட கேள்விதான் இதுவும்: இதனால் யாருக்கு லாபம்? உழைக்கும் பெண் கூலி கேட்கும்போது அந்தக் கேள்வியை முதலில் கேட்கும் இயக்கம், தான் எதற்காகப் பிறந்தது என்பதையே மறக்கத் தொடங்கிவிட்டது என்று எனக்குப் படுகிறது. இதை வலியோடுதான் சொல்கிறேன்.

ஆகவே இங்கே இருக்கும் கிளைச் செயலாளர்களிடமும், நூலக, வாசகசாலைப் பொறுப்பாளர்களிடமும், தொழிற்சங்க நிர்வாகிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் யாராவது குறை சொன்னால் அதை மினிட்ஸ் புத்தகத்தில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதற்குப் பதிலை வாசியுங்கள். பதில் உங்களிடம் இல்லையென்றால் மேல்குழுவுக்கு எழுதுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை அந்தப் பொருளை மூடாதீர்கள். அதற்கிடையில் கைபேசியில் அவருக்கு யாராவது பட்டம் சூட்டினால், சூட்டியவர் நம் ஆள் என்று பார்க்காமல் குழுவிலேயே அவரைத் தடுத்து நிறுத்துங்கள். உங்கள் வார்டுக்கு வரும் ஆஷா பணியாளரையும் ஒருநாள் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்தச் சங்கம் என்று கேட்க வேண்டாம். மாதம் எத்தனை வீடு, எவ்வளவு கைக்கு வருகிறது, எந்த மாதம் எவ்வளவு தாமதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.